கொற்கையும் அதன் குளமும்

நம் நாட்டில் பழம்பெருமை பேசாத மேடை இல்லை; பாண்டியன் பெயரை எடுக்காத பிரசங்கியும் இல்லை. கொற்கை என்ற சொல் காதில் விழுந்ததும் தமிழன் நெஞ்சு நிமிர்கிறது. முத்துக் குவியலும், யவனர் மரக்கலமும், மீனக்கொடியும் அவன் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால், கொற்கை என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது, அங்கே மனிதர் குடியிருக்கின்றனர், நெல்லும் வாழையும் பயிரிட்டு வாழ்கின்றனர் என்பது நம்மிற் பலருடைய நினைவுக்கே வருவதில்லை. மறைந்த கொற்கைக்கு நாம் செலுத்தும் மரியாதையில் நூற்றில் ஒரு பங்கையேனும் உயிரோடிருக்கும் கொற்கைக்குச் செலுத்தியதுண்டா? இக்கேள்வியையே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

தூத்துக்குடி ஜில்லாவில், தாமிரவருணியாற்றுக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில், கடற்கரையினின்று சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே, ஏரல் பட்டணத்தை அடுத்த சிற்றூர்களுள் ஒன்றாகக் கொற்கை கிடக்கிறது. சுற்றிலும் வயல், வாழைத் தோட்டம், பனை. ஊரை ஒட்டிப் பெரிய குளம். அதன் கரையில் வெற்றிவேல் அம்மன் என வழங்கும் தேவியின் கோயில். அத்தேவி கண்ணகியே என்பது ஊரார் நம்பிக்கை. மிகப் பழையதென்று காட்டப்படும் வன்னிமரம் ஒன்று உண்டு. வயல்களின் நடுவே அக்காசாலை ஈசுவரர் கோயில் உண்டு. அக்காசாலை என்றால் நாணயம் அடிக்கும் சாலை. அச்சொல் ஒன்றைத் தவிர, இங்கே ஒரு காலத்தில் பொன் புரண்டது என்று வழிப்போக்கனுக்குச் சொல்ல வேறொன்றும் எஞ்சவில்லை. பொருநைப் பாசனத்து ஊர்களுள் இதுவும் ஒன்று என்று எண்ணி அவன் கடந்து போவான்.

துறைமுகமாயிருந்த காலம்

பழைய சரித்திரத்தைச் சுருங்கச் சொல்லுவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகன் எழுதி வைத்த கடற்பயண நூலாகிய ‘பெரிப்ளுஸ்’, கொல்கோய் என்னும் பெயரால் இவ்வூரைக் குறிக்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி என்னும் பூகோள சாஸ்திரி இதனை வாணிகத் துறையாகக் குறித்தான். அகநானூறும் ஐங்குறுநூறும் மதுரைக்காஞ்சியும் கொற்கை முத்தை அறியும். கண்ணகியின் சினம் தணிய, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்லுகிறது.

நூல்கள் சொன்னதற்கு மண்ணும் சாட்சி கூறியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்டுவெல் பாதிரியார் இவ்வூர் வயல்களைத் தோண்டிப் பார்த்து, இதுவே கிரேக்கர் சொன்ன கொல்கோய் என்று உறுதி செய்தார். 1968-69-ல் தமிழக சர்க்காரின் தொல்பொருள் இலாகா இங்கு அகழ்ந்தது. அப்போது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. 2021-ல் மறுபடியும் அகழ்ந்தார்கள். செங்கற் கட்டடங்களும் சங்குகளும் வெளிப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில், கொற்கைக்கு எதிரேயுள்ள கடலடியிலும் ஆராய்ச்சி நடத்தப்படும் என்று சர்க்கார் சட்டசபையில் அறிவித்தது.

இவையெல்லாம் நமக்குப் பெருமை தருவனவே. எனினும், இப்பெருமைக் கதையின் நடுவே ஒரு வரி இருக்கிறது. அதை நம் பிரசங்கிகள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கொற்கையில் முத்துக் குளித்தவர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று அந்தக் கிரேக்க வணிகன் எழுதியிருக்கிறான். முத்து மன்னனுடையது, லாபம் வணிகனுடையது, மூச்சடக்கிக் கடலடியில் இறங்கியவனுக்குக் கிடைத்தது சிறை. ஒரு நாட்டின் பெருமையை அளக்கும்போது, அந்தப் பெருமையைத் தோளில் சுமந்தவன் யார், அவனுக்கு என்ன மிஞ்சிற்று என்று கேட்பது நம் கடமையாகும். இக்கேள்வி குளத்தைப் பற்றிப் பேசும்போதும் வரும்.

வண்டல் அழித்ததும் ஆக்கியதும்

துறைமுகம் எவ்வாறு மறைந்தது? பகைவர் எவரும் வந்து அழிக்கவில்லை. பொருநையே அழித்தது. பொதிகையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடிவரும் இவ்வாறு, இரண்டு பருவமழைகளிலும் நீர் பெறுவது. வெள்ளந்தோறும் மலைமண்ணைக் கரைத்துக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் கொட்டிற்று. கொட்டக் கொட்டத் துறை மேடாயிற்று. கடல் கிழக்கே ஒதுங்கிற்று. கொற்கை நிலத்தைத் தோண்டினால் மேலே ஆற்று வண்டலும் அதன்கீழே கடற்சிப்பிகளும் கிடைப்பதைக் கால்டுவெல் கண்டு, இந்தக் காரணத்தை எழுதி வைத்தார்.

கப்பல்கள் ஆற்றைத் தொடர்ந்து கிழக்கே போயின. காயல் எழுந்தது, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ அதனைப் பெரிய, சிறந்த பட்டணம் என்றான். அதையும் வண்டல் விடவில்லை. இன்று பழையகாயலும் கடலை விட்டு உள்வாங்கிய ஊரே. பின்னர் போர்த்துகேசியர் காலத்தில் தூத்துக்குடி தலையெடுத்தது. 1658-ல் அது டச்சுக்காரர் கைக்குச் சென்றது. அதற்குப் பின் ஆங்கிலேயர். 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் விட்டதும், 1974-ல் பெருந்துறைமுகமாக உயர்ந்ததும், 2011-ல் அத்துறைமுகம் அவர் பெயர் பெற்றதும் நேயர்கள் அறிந்தவை. முத்துக்குளிப்போ இக்கரையில் 1961-க்குப் பின் நடைபெறவில்லை. கொற்கையிற் பிறந்த முத்து வாணிகம் தூத்துக்குடியில் முடிந்தது.

மண் தூர்ந்து மறைந்த துறைகள் உலகில் பல உண்டு. சின்ன ஆசியாவிலுள்ள எபேசு நகரம் கைஸ்டர் ஆற்று வண்டலால் கடலை இழந்தது. இன்று அங்கே தூண்களும் படிகளும் உண்டு, அவற்றைப் பார்க்கவரும் யாத்திரிகர் உண்டு, குடிகள் இல்லை. கொற்கையின் கதை அவ்வாறு முடியவில்லை. எந்த வண்டல் துறையைத் தூர்த்ததோ, அதே வண்டலில் ஏர் பூட்டினார்கள். மரக்கலம் நின்ற இடத்தில் நாற்று நட்டார்கள். வணிகன் போய்விட்டான், குடியானவன் நிலைத்தான். எபேசைக் காட்டிலும் கொற்கைக்குள்ள சிறப்பு இதுவே என்பது நம் அபிப்பிராயம். இதைச் சொல்லும் கல்வெட்டில்லை, காவியமும் இல்லை.

குளமும் குடிகளும்

வண்டல் மட்டும் இருந்தால் பயிர் விளையாது. கடலோரத்து உவர் நிலத்தில் நல்ல நீரைத் தேக்கி வைக்கும் வழி வேண்டும். அதுதான் குளம். பொருநையின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. அவற்றுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணை. மற்றவை ஆங்கிலேயருக்கு முற்பட்டவை, இது 1869-ல் தொடங்கிக் கட்டப்பட்டது. இதனினின்று வடகால், தென்கால் என்று இரு பெருங்கால்கள் பிரிந்து, குளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பி, சுமார் 25,000 ஏக்கரைப் பாய்ச்சுவதற்காக ஏற்பட்டவை. இந்தக் கடைமடைப் பகுதியில் கிடக்கும் ஊர் கொற்கை. மேலே ஏழு அணைகளும் பட்டணங்களும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதே கீழே வந்து சேரும்.

இத்தகைய ஊரில் குளமே பஞ்சாங்கம். குளம் பெருகினால் ஐப்பசியில் பிசான நடவு; தண்ணீர் முன்னதாக வந்தால் கார்ப் பயிரும் உண்டு. குளம் நிரம்பாவிட்டால் கல்யாணப் பேச்சும் தள்ளிப் போகும். நெல்லுக்கு நான்கு மாத நீர் போதும். வாழையோ ஏறக்குறைய ஓராண்டு நிற்கும் பயிர். பங்குனி சித்திரையில் இரண்டு தண்ணீர் தவறினாலும் தார் சிறுத்துப் போகும். வாழை போட்டவன் காற்றுக்கு ஒரு பக்கமும் குளத்துக்கு ஒரு பக்கமும் அஞ்சிக்கொண்டிருக்கிறான். மடை எப்போது திறப்பது, மேல் வயலுக்குப் பின் எந்த வயல், முறை தவறியவனுக்கு என்ன அபராதம் என்பனவெல்லாம் எழுதாத சட்டமாக ஊரில் வழங்கி வந்தன. இந்தப் பக்கத்து ஊர்களில் அம்மன் கொடை நடத்துவதும், வில்லுப்பாட்டு வைப்பதும், பங்காளிச் சண்டையைத் தீர்ப்பதும், குளத்தைக் காப்பதும் வெவ்வேறு காரியங்களாக இருந்ததில்லை. ஒரே ஊர்க் கூட்டத்தின் வெவ்வேறு நாள் வேலைகளாக இருந்தன.

குளத்தைத் தூர்ப்பதும் வண்டலே. ஆனால் நம் முன்னோர் அதற்கு ஓர் எளிய உபாயம் கண்டிருந்தனர். கோடையில் நீர் வற்றியதும் குளத்து வண்டலை வெட்டி, வண்டியிலேற்றி, வயலுக்கு அடித்தனர். குளம் ஆழமாயிற்று, வயலுக்கு உரமாயிற்று. துறைமுகத்தைக் கொன்ற மண்ணை ஆண்டுதோறும் சோறாக மாற்றிய இந்த வித்தையைக் காட்டிலும் பெரிய வித்தை கொற்கை முத்துச் சலாபத்தில் இருந்ததாக நாம் எண்ணவில்லை.

சட்டம் செய்த காரியம்

இவ்வழக்கம் ஏன் தளர்ந்தது? குடிகளின் சோம்பலே காரணம் என்று சொல்வது உத்தியோகஸ்தர்களுக்கு எளிது. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் வேறு விடை கிடைக்கும்.

1858-ல் சென்னை ராஜதானிக்குக் கட்டாய வேலைச் சட்டம் வந்தது. குளம் உடையும் அபாயம் நேர்ந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம். வழக்கமான மராமத்தைச் செய்யத் தவறினவரிடம் பணம் வசூலிக்கலாம். 1865-ல் நீர்த் தீர்வைச் சட்டம் வந்தது. சர்க்கார் நீரைப் பயன்படுத்துவோன் அதற்கு விலை தரவேண்டும் என்றாயிற்று. 1905-ல் நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்தது. ஆறுகளும் குளங்களும், தனியாருடையவை என்று நிலைநாட்டப்பட்டவை நீங்கலாக, சர்க்காரின் சொத்து என்று அது பிரகடனம் செய்தது. மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். குளத்தின் சொந்தம் சர்க்காருக்கு, வருமானம் சர்க்காருக்கு, மண் வெட்டும் கடமை மட்டும் குடிகளுக்கு! தன்னுடையதல்லாத வீட்டுக்கு எவன் கூரை வேய்வான்? ஊர்க் குளம் என்றிருந்தது சர்க்கார் குளம் ஆயிற்று. அன்றே குடியானவன் கையிலிருந்த மண்வெட்டி தளர்ந்தது.

பழைய குடிமராமத்து பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. உண்மையை மறைத்து நியாயம் பேசலாகாது. மண்வெட்டி பிடித்தவர் பெரும்பாலும் நிலமில்லாத ஏழைகள். அவர்களிற் பலர் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர். குளத்தை வெட்டினார்கள், குளத்து நீரில் அவர்களுக்குப் பங்கில்லை, ஊர்க் கூட்டத்தில் இடமும் இல்லை. அன்று முத்தெடுத்தவன் கழுத்தில் முத்து இல்லாததுபோலவே, குளம் வெட்டியவன் கையில் வயல் இல்லை. குளம் வற்றினால் முதலில் பிழைப்பு இழந்து உப்பளத்துக்குக் கூலி தேடிப் போகிறவனும் அவனே. ஆகையால் பழைய கூட்டத்தை அப்படியே எழுப்பவேண்டும் என்பது நம் கோரிக்கை அன்று. குளத்தால் வாழும் யாவரும் உட்காரும் கூட்டமே வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின்னர் நல்ல சட்டங்கள் வராமலில்லை. பாசன விவசாயிகள் தம் சங்கத்தைத் தாமே தேர்ந்தெடுத்துக் கொள்ள 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் ஒரு சட்டம் வந்தது. 2017-ல் குடிமராமத்து என்ற பழம்பெயரிலேயே சர்க்கார் பணம் ஒதுக்கியது. 2024-ல், ஏரி குளங்களின் வண்டலைத் தாசில்தார் அனுமதியுடன் இலவசமாக எடுத்துக்கொள்ள வழி எளிதாக்கப்பட்டது. ஒரு காலத்தில் ஊர்க் கூட்டம் ஒரு மாலையில் முடிவு செய்த காரியத்துக்கு இன்று மனு எழுதிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எனினும் கதவு திறந்தது நல்லதே. சட்டத்தில் அதிகாரம் இருப்பது வேறு, ஊரார் கையில் அதிகாரம் இருப்பது வேறு. மடையைப் பழுது பார்க்கச் சங்கத்திடம் பணமில்லையானால், தேர்தல் நடத்தி என்ன பயன்?

வெள்ளமும் வறட்சியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இக்கடற்கரையில் பெய்த மழையைத் தமிழ்நாடு மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. பொருநை கரைபுரண்டது. ஏரல் பட்டணம் நீரில் மூழ்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பிரயாணிகள் தத்தளித்தனர். பல குளங்கள் உடைந்தன. நின்ற வாழைகள் சாய்ந்தன. அத்தகைய மழையை எந்தக் குளமும் முழுதும் தாங்கியிராது. அதை ஒப்புக்கொள்வோம். ஆயினும் தூர்ந்த குளத்துக்கும் ஆழமான குளத்துக்கும், கட்டுறுதியான கரைக்கும் கரைந்த கரைக்கும் வித்தியாசம் இல்லையென்று எவரும் சொல்லார். தூர்ந்த குளம் மார்கழியில் உடையும், சித்திரையில் வற்றும். ஒரே குறை இரண்டு துன்பங்களாக வருகிறது.

மேலே அணையிலும் இதே கதைதான். ஸ்ரீவைகுண்டம் அணை மண்ணடித்துக் கிடப்பது பல ஆண்டு முறையீடு. 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகே தூர் வாரும் வேலை தொடங்கிற்று. இதற்கிடையில் தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் நீர் இவ்வணையிலிருந்து தரும் திட்டம் 1970-களில் ஏற்பட்டு, பின்னர் வழக்குக்கும் உள்ளாயிற்று. கைத்தொழில் வேண்டாம் என்று சொல்லும் மூடர் நாமல்லோம். சுதேசிக் கப்பல் விட்டவன் பிறந்த ஜில்லாவில் ஆலை ஓடுவது நமக்கு உவப்பே. ஆனால் பங்கு பிரிக்கும்போது கடைமடைக்காரன் பெயர் கடைசியாகவும், சில ஆண்டுகளில் விடுபட்டும் போவது நியாயமாகாது. பட்டணத்துக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் யந்திரம் உண்டு. கொற்கைக்குக் குளம் ஒன்றே உண்டு.

நாம் செய்யவேண்டுவது

கனடா தேசத்தில் சஸ்காச்சுவான் என்று ஒரு மாகாணம் உண்டு. பரந்த புல்வெளி, கோதுமை விளையும் சிறுசிறு கிராமங்கள். மாகாணமே 1905-ல் ஏற்பட்டது. அதன் ஐம்பதாம், எழுபத்தைந்தாம் ஆண்டு விழாக்களையொட்டி, அங்குள்ள கிராமத்தார் பலர் தத்தம் ஊர்ச் சரித்திரத்தைத் தாமே எழுதி அச்சிட்டனர். அரசர் கதை அங்கே ஏது? யார் முதலில் வந்து குடியேறினார், பள்ளிக்கூடம் எப்போது கட்டினார்கள், எந்த வருஷம் பயிர் கருகிற்று என்பனவே அவர்கள் எழுதிய சரித்திரம். நூறாண்டுகூட நிரம்பாத ஊர்கள் தம்மை மதித்து எழுதிக்கொண்டன. 2,500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கொற்கையில், பாண்டியனைப் பற்றி நாம் அறிந்த அளவு மடை திறந்தவனைப் பற்றி அறியோம்.

ஆகையால் இந்த ஜில்லாவின் இளைஞர்களையும் பொதுஜன ஊழியர்களையும் நாம் கேட்டுக்கொள்வது இது. கொற்கைக்குப் போகும்போது வன்னிமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். குளக்கரையில் நடந்து வாருங்கள். எந்த மடை எந்த வயலுக்கு, நீர்முறை என்ன, எந்த ஆண்டு குளம் உடைந்தது, யார் அடைத்தார்கள் என்று முதியோரைக் கேட்டு எழுதுங்கள். மண் வெட்டிய கூலிக்காரர் வீட்டிலும் கேளுங்கள். அக்கணக்கு ஊர்ச் சரித்திரமாகவும் ஆகும். நீர்ப் பங்குக்கு வழக்கு வந்தால் சாட்சியாகவும் ஆகும். வண்டல் எடுக்க மனுப் போடத் தெரியாத சிறு குடியானவனுக்கு மனு எழுதித் தாருங்கள். பாசன சங்கத்தில் நிலமில்லாதவன் குரலும் கேட்க வழி தேடுங்கள். சர்க்காரை நாம் கேட்பதும் அதிகமில்லை. அகழ்வாராய்ச்சிக்கு இறங்கிய மண்வெட்டியோடு கூட, குளத்துக்கும் ஒரு மண்வெட்டி ஆண்டுதோறும் தவறாமல் இறங்கட்டும். தீர்வையில் ஒரு பகுதி அந்தக் குளத்துக் கரைக்கே திரும்பட்டும். கடைமடையின் பங்கு எழுத்தில் உறுதியாகட்டும்.

கடல் ஒருமுறை கொற்கையைக் கைவிட்டது. அப்போது அவ்வூரைக் காப்பாற்றியவர் வேந்தரல்லர், வணிகருமல்லர். பெயர் தெரியாத உழவர். இப்போது குளமும் கைவிடுமானால், அவ்வுழவரும் போய்விடுவர். பிறகு கொற்கை, தொல்பொருட்சாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டுமே இருக்கும். அந்தக் கொற்கையைக் கொண்டாடத் தமிழனுக்கு என்ன உரிமை உண்டு?